ஏழு சால் நிமிஷம்

திருவாதவூருக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க்கு நடுவில் இருந்த நடுத்திட்டு, வருஷத்தில் ஒன்பது மாதம் குடியிருப்பாகவும் மூன்று மாதம் தீவாகவும் இருந்தது. ஊருக்குள் இடம் கிடைக்காத இருபத்திரண்டு பண்ணையாள் குடும்பங்களுக்குக் கண்மாய்தான் அந்த மேட்டை விட்டுக்கொடுத்திருந்தது. ஐப்பசியில் மழை இறங்கியதும் சுற்றியுள்ள பூமியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தை பிறக்கும்வரை நாலாபுறமும் தண்ணீர். சமுத்திரம் என்பது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள் அங்கே தீவுவாசிகளாகக் காலம் தள்ளினார்கள்.

அந்தத் தீவில் சுருளி என்று ஒருவன் இருந்தான். அவன் வாழ்க்கையில் எழுதத்தக்க விசேஷம் ஒன்றுதான். நாற்பது வயதுக்குள் அவனுக்கு வராத நோய் கிடையாது. ஒரு நாள்கூட அவன் நோயில் படுத்ததும் கிடையாது.

காரணம் எளிது. திட்டிலிருந்து அக்கரைக்குப் போக ஒரே வாகனம், நாலு மண்குடங்களைக் கவிழ்த்துக் கட்டி மேலே மூங்கில் தட்டி போட்ட தெப்பம். ஒருவன் பின்னால் நீந்திக்கொண்டே தள்ள வேண்டும். காய்ச்சல்காரனை அதில் ஏற்றினால் ஈரத்திலும் காற்றிலும் பாதி வழியிலேயே விறைத்துவிடுவான். அப்படி இரண்டு பேர் போன பிறகு, நோயாளியைத் தெப்பத்தில் ஏற்றுவதில்லை என்று திட்டு தீர்மானித்தது. நோயாளி போகக்கூடாது என்றால் நோய் மட்டும் போக வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அக்கரைக்குப் போய், ‘மேலுக்கு முடியலை’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்தவன் சுருளி ஒருவன்தான்.

முதல் வருஷம் அவன் பக்கத்தில் இருந்த ஒரு சர்க்கார் டிஸ்பென்சரிக்குப் போனான். நோயாளி நேரில் வர வேண்டும் என்பது அங்கே விதி. சுருளி விதியை மீறவில்லை, நோயாளியாகவே போனான். திங்கட்கிழமை குளிர்காய்ச்சலில் நடுங்கினான். வியாழக்கிழமை சீதபேதியில் சுருண்டான். அடுத்த வாரம், பிள்ளை பெற்ற மலையம்மாளுக்குப் பால் கட்டிக்கொண்டது. சுருளி போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “இவன் ஆஸ்பத்திரிக்கு வரலைய்யா. ஆஸ்பத்திரியே இவனுக்குள்ளதான் நடக்குது.”

அத்தோடு அந்த வாசல் அடைத்தது. சுருளி பதினைந்து மைல் நடந்து மதுரைக்குப் போனான். வைகைப் பாலத்தைத் தாண்டிச் சிம்மக்கல்லில் இறங்கியதும் அவன் கண்ணில் பட்டது ஒரு மருந்துக்கடை. பின்னால் வயதான டாக்டர் ஒருவர். முன்னால் கம்பவுண்டர் முகைதீன் பிச்சை ராவுத்தர். சிவப்புத் துருக்கித் தொப்பி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம்.

“யாருக்கு?” என்றார் ராவுத்தர்.

“அன்னக்கொடிக்கு.”

“அன்னக்கொடி எங்கே?”

“திட்டுல கெடக்கு. நடுவுல தண்ணி.”

“அப்ப நீ யாரு?”

“இன்னைக்கு நான்தான் அன்னக்கொடி, ராவுத்தரய்யா.”

ராவுத்தர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் வாழ்க்கையில் நேரில் வந்த நோயாளிகளே பாதிப் பேர் பொய் சொன்னவர்கள். “சரி அன்னக்கொடி, நாக்கை நீட்டு,” என்றார்.

“என் நாக்கு நல்ல நாக்குங்கய்யா. அவ நாக்குத்தான் மழையில நனைஞ்ச சுவராட்டம் வெள்ளை பூத்துக் கெடக்கு.”

ராவுத்தர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அன்னக்கொடியின் நாடி சுருளியின் கையில் ஓடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வந்து நின்றவனைத் தொடாமல் மருந்து கொடுத்து அவருக்குப் பழக்கம் இல்லை. டிஸ்பென்சரியில் வராந்தாத் தூணுக்கு அப்பால் நின்றே நோயைக் காட்டிய சுருளிக்கு, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஊர் திரும்பும்வரை அந்தக் கையை வீசாமலே நடந்தான்.

நோயைக் கொண்டுபோவதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். முதல் நாள் நோயாளிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வான். அவர் முனகினால் இவனும் முனகுவான். எந்தப் பக்கம் புரண்டால் வலி கூடுகிறது என்று தானும் புரண்டு பார்ப்பான். விடியற்காலையில் மூடுபனி கண்மாயின்மேல் பாலாடைபோல் படிந்திருக்கும்போது தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்குவான். போகும்போது தலை நனையக்கூடாது. நனைந்தால் நோய் கரைந்து கண்மாயில் கலந்துவிடும் என்பது அவன் கட்சி. பனிக்குள் அவன் தலை மட்டும், உடம்பு இல்லாத ஒரு தலைபோல், மிதந்து மிதந்து போவதைத் திட்டு பார்த்துக்கொண்டு நிற்கும். நீர்க்காகங்கள் அதை இன்னொரு நீர்க்காகம் என்று எண்ணி ஒதுங்கிக்கொள்ளும். திரும்பி வரும்போது நட்டநடுவில் மூன்று முழுக்குப் போடுவான். நோய் போய்விடும். பிறகு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிடுவான்.

ராவுத்தர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லாமல் இருந்தது. “மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை?”

“நிமிஷம்னா எம்புட்டு நேரங்கய்யா?”

ராவுத்தர் கடிகாரத்தைத் திறந்து, சின்ன வினாடி முள் ஒரு சுற்று வருவதைக் காட்டினார். சுருளி இரண்டு சுற்றுப் பார்த்தான். மூன்றாவது சுற்றில் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். “எங்க ஊர்ல இது ஏழு சாலு,” என்றான்.

சால் என்றால் ஏற்றத்தில் தண்ணீர் மொள்ளும் வாளி. சால் எண்ணிப் பாடும் பாட்டு ஒன்று திட்டில் உண்டு. ‘ஒண்ணாஞ் சாலு ஓர வயலுக்கு, ரெண்டாஞ் சாலு நண்டு வளைக்கு’ என்று தொடங்கி, ‘ஏழாஞ் சாலு எங்க தாகத்துக்கு’ என்று முடியும். கடையில் நின்றபடியே அவன் பாடினான். கயிறு இறங்குவதுபோல் குரல் இறங்கி, சால் நிறைந்து, மேலே ஏறி, கவிழ்ந்தது. ஏழாவது சால் கவிழ்ந்தபோது முள் சரியாகத் தொடங்கிய இடத்தில் வந்து நின்றது. ராவுத்தர் இன்னொரு தடவை பாடச் சொன்னார். மறுபடியும் சரியாக வந்தது. சுவிட்சர்லாந்தில் செய்ததும் நடுத்திட்டில் செய்ததும் ஒரே நேரம் காட்டியதில் அவருக்குத் தம் கடிகாரத்தின் மேல் மதிப்புக் கூடியது.

அதன் பிறகு சுருளி நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு சால் பாடுவான். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு புளியங்கொட்டையை இடது கையிலிருந்து வலது பக்கம் தள்ளுவான். சேர்ந்த கொட்டைகளைத் துண்டில் முடிந்துகொள்வான். ஒரு முடிச்சு ஒரு ஆள். சிம்மக்கல்லில் ராவுத்தர் முடிச்சை அவிழ்த்து எண்ணுவார். பதினெட்டு, இருபது என்றால் நல்ல மூச்சு. அதற்கு மேல் போகப் போக மருந்து மாறும். ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் வேலையாக அவனைப் பாட வைத்து முள்ளோடு ஒத்துப் பார்ப்பார். “இரு, உனக்குச் சாவி குடுத்துடுறேன்,” என்பார். பன்னிரண்டு மழைக்காலம் இப்படி நடந்தது. இதில் எந்தப் பிசகும் வரவில்லை.

இந்த ஏற்பாட்டைப் பற்றி மாற்று அபிப்பிராயம் உள்ளவள் திட்டில் ஒருத்திதான். அவள் சுருளியின் மனைவி ராமக்காள்.

“மலையம்மாளுக்குப் பால் கட்டுனப்ப நீ பட்ட நோவு எனக்கே பொறுக்கலை,” என்பாள். “எனக்கு அஞ்சு நாளா இடுப்பு கடுக்குது. அதைக் கேக்க எந்த ஊருல இருந்து ஆளு வரணும்?”

“உனக்கென்ன, நல்லாத்தான இருக்க?”

“ஆமா. நானும் அக்கரையில போயிப் படுத்தாத்தான் உனக்குத் தெரியும்.”

சுருளி சிரிப்பான். ஊரில் எல்லார் வலியும் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடியும் என்று அவனுக்குத் தெரியும். ராமக்காளுக்கு வலிக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை. அவள் அடுப்பு மாதிரி, வாசல் மாதிரி, எப்போதும் இருக்கிற ஒன்று.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கார்த்திகையில், திட்டில் கருப்பு என்பவனுக்குச் சூலை நோய் கண்டது. சுருளி மூன்று நாள் அவன் குடிசையிலேயே படுத்து அந்த வலியைப் பாடம் செய்தான். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தபோது ராமக்காள் எழுந்திருக்கவில்லை. வலது விலாவில் குத்துகிறது என்றாள். இருமித் துப்பியது செங்கல் கரைத்த தண்ணீர்போல் இருந்தது. மேலைத் தொட்டான், சுட்டது.

“எப்பல இருந்து?”

“நீ கருப்புக்கு நொந்துக்கிட்டு இருந்தயே, அப்பல இருந்து.”

பக்கத்தில் உட்கார்ந்து கொட்டையை எடுத்தான். ஏழு சால் பாடினான். எண்ணிப் பார்த்தான், பத்தொன்பது.

அவனுக்கு உயிர் வந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்து, “என்ன, நல்லாத்தான இருக்கேன்?” என்றாள். அவன் தலையாட்டினான். மறுநாள் விடியலில் கருப்பின் முடிச்சோடு அவள் முடிச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். கருப்புக்காகப் போகவில்லை என்றால் அன்றைக்கு அவன் போயிருக்கவே மாட்டான்.

சிம்மக்கல்லில் முதல் முடிச்சு அவிழ்ந்தது. சுருளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கருப்பின் சூலையை அப்பழுக்கில்லாமல் பட்டுக் காட்டினான். முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டுச் சாதாரணமாக நின்றான்.

“அடுத்தது?”

“ராமக்கா. எங்க வீட்டுல.” விலாவில் கைவைத்து, குட்டி குட்டியாக மூச்சு விட்டுக் காட்டினான்.

ராவுத்தர் கொட்டைகளை எண்ணினார். “பத்தொன்பது. பயப்படாத. சளிதான். மிக்சர் தாரேன்.” பாட்டிலை எடுத்துக் கலக்கினார். காகிதத்தை மடித்து, வேளைக்கு ஒரு வெட்டாகக் கத்தரித்து, பாட்டிலின் விலாவில் ஒட்டினார். முதுகுக்குப் பின்னால் அந்தக் குட்டி மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

“போதும்ப்பா, நிறுத்து. பார்த்துட்டேன்ல.”

“நிறுத்திட்டேன், ராவுத்தரய்யா.”

நிற்கவில்லை. ராவுத்தர் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் இவன் ஒரு நோயைக் கடையில் இறக்கிவைத்துவிட்டு நிமிராத நாள் கிடையாது. இன்றைக்கு அவன் நெஞ்சு அவனைக் கேட்காமலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ராவுத்தர் பாட்டிலை வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் திறந்தார்.

“பாடு.”

சுருளி பாடினான். கயிறு இறங்குவதற்குள் சால் ஏறியது, ஏறுவதற்குள் கவிழ்ந்தது. ஏழாவது சால் ‘எங்க தாகத்துக்கு’ வந்து சேர்ந்தபோது முள் பாதிச் சுற்றில் நின்றது. இன்னொரு தடவை பாடச் சொன்னார். அதே பாதி.

“திட்டுலயும் இப்படித்தான் பாடுனியா?”

“அவ மூச்சோட சேந்துல்லய்யா பாடுனேன்.”

ராவுத்தர் கொட்டைகளைத் திரும்ப எண்ணினார். ஊர் நோயையெல்லாம் எண்ணிய கடிகாரம் சொந்த வீட்டில் வைத்த மாத்திரத்தில் தானும் காய்ச்சலில் விழுந்திருந்தது. “பத்தொன்பது இல்லப்பா,” என்றார். “முப்பத்தெட்டு.”

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னார். நிமோனியாவுக்கு அப்போது புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. சிப்பாய்களுக்குப் போக மிஞ்சி அந்தக் கடைக்கு வந்தது பதினெட்டே மாத்திரை. டாக்டருக்கு முழங்கால் மடங்காது.

“பாட்டை நம்பி இதைக் குடுக்க முடியாது, ராவுத்தர். நீரே கடிகாரத்தோட போய் எண்ணிப் பாரும். முப்பதுக்கு மேலன்னா வேளை தவறாம கூட இருந்து குடும். கீழன்னா பத்திரமாத் திரும்பக் கொண்டாரும்.”

“நானா?” என்றார் ராவுத்தர்.

அவருக்குத் தண்ணீர் பயம். நாள் முழுவதும் தண்ணீரோடு தொழில் செய்தவர். ஒரு அவுன்ஸுக்கு மேல் சேர்ந்து நிற்கும் தண்ணீரைக் கண்டால் நெஞ்சு அடைக்கும். வைகையில் வெள்ளம் வந்தால் பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். மழை பெய்தால் குடையை விரிப்பதற்கு முன்னால் கலிமா சொல்கிற மனுஷன் என்று அவர் மனைவி சுல்தான் பீவி தெருவுக்கே சொல்லிவைத்திருந்தாள். ஆனால் சுருளி எதிரே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ராவுத்தர் மாத்திரைக் குப்பியைத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார்.

பெட்ரோல் இல்லாத காலம். கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் இருமிக்கொண்டே ஒத்தக்கடைக்குப் போய், அங்கிருந்து நடந்தார்கள். கண்மாய்க்கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வானம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கி, மேகங்கள் தலைகீழாக மேய்ந்துகொண்டிருந்தன. எதிரே திட்டு, பூமியோடு ஒட்டாமல், யாரோ நினைத்து மறந்த ஊர்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

“எம்புட்டு ஆழம்?” என்றார் ராவுத்தர்.

“இந்தப் பக்கம் ஒரு ஆளுதான்.”

“அந்தப் பக்கம்?”

“கண்ணை மூடிக்கங்கய்யா.”

மூடிக்கொண்டார். தெப்பம் நகர்ந்தது. கீழே குடங்கள் களக் களக்கென்று தங்களுக்குள் பேசிக்கொண்டன. பின்னால் சுருளியின் மூச்சு. கொஞ்ச நேரத்தில் ராவுத்தருக்குத் தாம் போகிறோமா, நிற்கிறோமா, இல்லை கண்மாய்தான் தம்மைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறதா என்பது தெரியவில்லை. பயம்கூடத் தூக்கம்போல் இதமாக இருந்தது. அப்போதுதான் நீருக்குள் மூழ்கியிருந்த ஒரு கருவேல மரத்தின் உச்சி குடத்தில் இடித்தது. குடம் உடைந்தது. தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ராவுத்தர் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுவரை தண்ணீருக்குள் போனார். சுருளி தோளைக் கொடுத்துத் தூக்கினான். அவரும் தொப்பியும் வந்து சேர்ந்தார்கள், தொப்பி நனையவில்லை. சட்டைப் பையிலிருந்த கடிகாரம் ஐந்து ஐம்பதுக்கு நின்றுவிட்டது.

குடிசையில் ராமக்காள் கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்தில் மலையம்மாள் விளக்கோடு உட்கார்ந்திருந்தாள். ராவுத்தர் கடிகாரத்தை உதறினார், காதில் வைத்தார், கண்மாய்ச் சத்தம்தான் கேட்டது. எண்ணாமல் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

“பாடு, சுருளி.”

வழக்கமாகத் திரும்பும்போது போடும் மூன்று முழுக்கை அன்றைக்கு அவன் போடவில்லை. தெப்பத்தை விட்டால் ராவுத்தர் போய்விடுவார். அதனால் நோய் அவனைவிட்டு இறங்கவே இல்லை. மூன்று சால் பாடுவதற்குள் அவன் குரல் அவள் மூச்சுக்குள் போய் விழுந்துவிட்டது.

“நான் பாடட்டுமா?” என்றாள் மலையம்மாள்.

“உன் பாட்டை முள்ளோட ஒத்துப் பார்க்கலையே, தாயி.”

ராவுத்தர் கண்ணை மூடினார். பன்னிரண்டு வருஷம் அந்தப் பாட்டைக் கேட்டவர்களில், முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டவர் அவர் ஒருவர்தான். உள்ளே முள் தெரிந்தது. ஒண்ணாஞ் சாலு ஓர வயலுக்கு என்று தொடங்கினார். ஏற்றம் மிதித்தறியாத, மிக்சர் கலக்கியே பழகிய சிம்மக்கல் குரல். வாசலில் நின்றவர்களில் சிரிக்கத் தோன்றியவர்களும் சிரிக்கவில்லை. சுருளி கொட்டைகளைத் தள்ளினான். ஏழாம் சால் கவிழ்ந்தது. எண்ணினார்கள், நாற்பத்திரண்டு.

தொப்பியிலிருந்து குப்பி இறங்கியது. மாத்திரையைப் பொடித்துக் கஞ்சித்தண்ணீரில் கொடுத்தார். வேளைக்கு வேளை கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் பாடினார். நாற்பது. முப்பத்தாறு. மறுபடியும் முப்பத்தெட்டு; அப்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முப்பத்தொன்று. வெளியே பனி இறங்கித் திட்டை மூடிக்கொண்டது. உலகத்தில் மிச்சமிருந்தது ஒரு விளக்கும் ஏழு சாலும்தான் என்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கொட்டைகள் இருபத்திரண்டுக்கு வந்தன. ராமக்காள் வேர்த்துக் குளித்துக் கண்ணைத் திறந்தாள்.

“யாரு அது, ரெண்டு நாளா ஏத்தம் எறைச்சது?”

“ராவுத்தரய்யா,” என்றான் சுருளி.

அவள் தொப்பியை ஒரு பார்வை பார்த்தாள். “சுதியே இல்ல,” என்றாள். “தண்ணி மட்டும் எப்படியோ வந்து சேந்துச்சு.”

ராவுத்தர் மிச்சமிருந்த ஐந்து மாத்திரையைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே சிம்மக்கல்லுக்குத் திரும்பினார். கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கவில்லை. அதன் பிறகு அந்தக் கடைக்கு வந்த டவுன் நோயாளிகள், தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கம்பவுண்டர் வாய்க்குள் நண்டு வளையைப் பற்றி ஏதோ முனகுவதைக் கேட்டார்கள். அரபியில் ஏதோ ஓதுகிறார் என்று எண்ணிப் பாதிக் குணமானவர்களும் உண்டு. நடுத்திட்டிலும் ஒரு புது வழக்கம் வந்தது. ஒரு வீட்டு நோய்க்கு அந்த வீட்டார் பாடக்கூடாது.

ராவுத்தரை அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பும்போது சுருளி நட்டநடுவில் மூன்று முழுக்குப் போட்டான். பிறகு, போதாது என்று தோன்றியதோ என்னவோ, நாலாவதும் போட்டான். வீட்டுக்கு வந்து ராமக்காளுக்குப் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்தான். “இடுப்பு இன்னும் கடுக்குதா?” என்று கேட்டான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அது போயி நாலு மழை ஆச்சு,” என்றாள். “தண்ணிக்கு அந்தப் பக்கம் இருந்து இப்பத்தான் வாரியாக்கும்.”